கறுப்பு வெள்ளைக்குள் ஒளிந்திருந்த வானவில்

1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில், சூறாவளி தூக்கிக்கொண்டு போன வீடு தரையில் வந்து விழுந்ததும், டோரதி என்ற சிறுமி வாசற்கதவை நோக்கி நடக்கிறாள். அதுவரை படம் முழுக்கப் பழுப்பு நிறம். கான்சாஸின் வயல், வேலி, அத்தையின் முகம் எல்லாமே ஒரு பழைய புகைப்படத்தின் சாயலில் இருக்கின்றன. அவள் கதவைத் திறக்கிறாள். வெளியே பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு நாடே பூத்துக் கிடக்கிறது. கேமரா வாசல் வழியாக மெல்ல வெளியேறுகிறது. நீலக் கட்டம் போட்ட உடையில் டோரதி அந்த நிறங்களுக்குள் வந்து நிற்கிறாள்.

இந்தக் காட்சியில் கணினி வேலை எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் இருந்திருக்கவும் முடியாது. அந்த ஒரு காட்சிக்காக வீட்டின் உட்புறம் முழுவதற்கும் பழுப்பு வண்ணம் அடித்தார்கள். கதாநாயகி ஜூடி கார்லண்டுக்குப் பதிலாக, பழுப்பு உடை அணிந்த வேறொரு பெண் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அடுத்த நொடி, நீல உடையில் கார்லண்ட் உள்ளே வந்தார். அதாவது, பழுப்பாகத் தெரிந்த அந்த அறையும் வண்ணக் கேமராவில் எடுக்கப்பட்டதுதான்.

இதைவிடப் பெரிய வியப்பு அந்தக் கேமராவுக்குள் இருந்தது. அதில் ஓடிய ஃபிலிம் சுருளில் நிறமே கிடையாது. ‘ஸ்னோ ஒயிட்’, ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’, ‘கான் வித் த விண்ட்’, ‘சிங்கிங் இன் த ரெயின்’ என்று இன்றும் கண்ணைப் பறிக்கும் படங்கள் அனைத்தும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிவானவை. உலக சினிமாவின் மிகச் செழிப்பான நிறங்கள் நிறமற்ற வெள்ளித் துகள்களில்தான் எழுதிவைக்கப்பட்டிருந்தன. அது எப்படி முடிந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால், பழைய ஹாலிவுட் படங்களும் கார்ட்டூன்களும் முன்பைவிடப் பல மடங்கு அழகாகத் தெரிகின்றன.

கண்ணுக்குள் மூன்று கணக்கர்கள்

வானவில்லில் எண்ணற்ற நிறங்கள் இருந்தாலும் அவற்றை அளக்க நம் விழித்திரையில் மூன்றே வகைக் கூம்பு உயிரணுக்கள்தான் உள்ளன. ஒருவகை நீண்ட அலைகளுக்கும், இன்னொன்று நடுத்தர அலைகளுக்கும், மூன்றாவது குறுகிய அலைகளுக்கும் அதிகமாகக் கிளர்ச்சி அடைகிறது. ஏறக்குறைய சிவப்பு, பச்சை, நீலம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் எவ்வளவு எவ்வளவு கிளர்ந்தன என்ற விகிதத்தைப் பார்த்து மூளை ‘இது மாம்பழ மஞ்சள்’, ‘இது கத்தரிப்பூ நிறம்’ என்று முடிவு செய்கிறது. மூன்று அளவுகள் கிடைத்துவிட்டால் நிறம் கிடைத்துவிடும்.

இந்த உண்மையைப் புகைப்படத்தில் முதலில் செய்து காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தக் கொள்கையைத் தந்த அதே மேக்ஸ்வெல்தான். 1861ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். ஸ்காட்லாந்து பாணியில் கட்டம் போட்ட ஒரு நாடாவை தாமஸ் சட்டன் என்ற புகைப்படக் கலைஞர் அவருக்காகப் படமெடுத்திருந்தார். சிவப்பு வடிகட்டி வழியாக ஒன்று, பச்சை வழியாக ஒன்று, நீலம் வழியாக ஒன்று என மூன்று படங்கள். மூன்றும் கறுப்பு வெள்ளை. அவற்றை மூன்று விளக்குகளில் வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் அதே நிற வடிகட்டியைப் பொருத்தி, ஒரே இடத்தில் விழும்படி திரையில் ஒளியைப் பாய்ச்சியபோது நாடா தன் வண்ணங்களோடு தோன்றியது.

அந்த வெற்றிக்குள் ஒரு விசித்திரமும் இருந்தது. அந்தக் காலப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியவே தெரியாது. பிறகு சிவப்பு எப்படிப் பதிவானது? நூறு ஆண்டுகள் கழித்து கோடக் நிறுவன ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். அந்த நாடாவின் சிவப்புத் துணி புற ஊதாக் கதிரையும் சேர்த்தே பிரதிபலித்திருக்கிறது. சிவப்பு வடிகட்டி அந்தக் கதிரைத் தடுக்காமல் விட்டிருக்கிறது. தகடு பார்த்தது கண்ணுக்குத் தெரியாத ஒளியை. கொள்கை சரியாக இருந்ததால் தற்செயலும் அதற்குத் துணை நின்றது.

நீலம் இல்லாத வானம்

நின்ற படத்தில் செய்ததை ஓடும் படத்தில் செய்வது வேறு கதை. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் சுருளில், ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும். மூன்றும் ஒரே கணத்தில், ஒரே கோணத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். நடிகரின் கை சற்று நகர்ந்தாலும் சிவப்புக் கை ஒரு பக்கமும் பச்சைக் கை மறுபக்கமும் நிற்கும்.

1915இல் பாஸ்டனில் ஹெர்பர்ட் கால்மஸ், டேனியல் காம்ஸ்டாக், பர்ட்டன் வெஸ்காட் என்ற மூவர் தொடங்கிய டெக்னிகலர் நிறுவனம் இந்தச் சிக்கலோடு பதினேழு ஆண்டுகள் போராடியது. மூன்று நிறங்கள் கைக்கு எட்டாததால் முதலில் இரண்டோடு தொடங்கினார்கள். 1917இல் வந்த ‘தி கல்ஃப் பிட்வீன்’ படத்தைக் காட்டத் தனி ப்ரொஜக்டர் வேண்டியிருந்தது. சிவப்புப் படமும் பச்சைப் படமும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த, அதை இயக்குபவர் ஓயாமல் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வழி நிற்காது என்று அவர்களுக்குப் புரிந்தது. நிறம் விளக்கில் இருக்கக்கூடாது, ஃபிலிமிலேயே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அதன்படி 1922இல் ‘தி டோல் ஆஃப் த சீ’ வந்தது. சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் கதாநாயகியாக நடித்த படம். செஞ்சாயம் ஏற்றிய மெல்லிய ஃபிலிம் ஒன்றும் பசுஞ்சாயம் ஏற்றியது ஒன்றும் முதுகோடு முதுகாக ஒட்டப்பட்டிருந்தன. எந்தத் திரையரங்கின் சாதாரண ப்ரொஜக்டரிலும் அது ஓடியது. ஆனால் 1926இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘தி பிளாக் பைரேட்’ பிரதிகள் ஊர் ஊராகப் போனபோது, ப்ரொஜக்டரின் சூட்டில் ஒட்டிய ஃபிலிம் குழிந்து வளைந்தது. காட்சி மங்கித் தெளிந்து மங்கியது. இரு பக்கமும் படம் இருந்ததால் இரு பக்கமும் கீறல் விழுந்தது.

இந்த இருவண்ணப் படங்களில் முகங்கள் அழகாக இருக்கும், மரங்கள் இருக்கும், செங்கல் சுவர் இருக்கும். தூய நீலம் மட்டும் இருக்காது. வானமும் கடலும் பச்சை கலந்த ஒரு மங்கல் நிறத்தில் நிற்கும். ஊதா, எலுமிச்சை மஞ்சள் இவையும் கிடையாது. மூன்றில் ஒரு கணக்கரை வேலையைவிட்டு நிறுத்தியதன் விளைவு அது.

ஒளி பிரியும் இடம்

1932இல் டெக்னிகலர் பொறியாளர் ஜோசப் ஆர்தர் பால் வடிவமைத்த கேமரா அந்தக் குறையைத் தீர்த்தது. அதன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

லென்ஸ் வழியாக வரும் ஒளி முதலில் ஒரு கண்ணாடிக் கனசதுரத்துக்குள் நுழைகிறது. இரண்டு முக்கோணப் பட்டகங்களைச் சேர்த்து ஒட்டிய கனசதுரம் அது. ஒட்டிய பரப்பில் மிக மெல்லிய உலோகப் பூச்சு. அந்தப் பூச்சு ஒளியில் ஒரு பகுதியை நேராகப் போகவிட்டு, மீதியைப் பக்கவாட்டில் திருப்புகிறது. நேராகப் போன ஒளி பச்சை வடிகட்டியைத் தாண்டி ஒரு ஃபிலிமில் விழுகிறது. அது பச்சையின் கணக்கு.

பக்கவாட்டில் திரும்பிய ஒளி மெஜந்தா வடிகட்டியைக் கடக்கும்போது பச்சையை இழந்து, நீலமும் சிவப்புமாக மட்டும் வெளியே வருகிறது. அங்கே இரண்டு ஃபிலிம்கள் முகத்தோடு முகம் ஒட்டியபடி ஓடுகின்றன. முன்னது நீலத்தை மட்டும் பார்க்கும். அதன்மேல் செம்மஞ்சள் சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. மிச்ச நீலத்தை அது உறிஞ்சிக்கொள்வதால், பின்னால் உள்ள ஃபிலிமுக்குச் சிவப்பு மட்டுமே போய்ச் சேர்கிறது. ஒரு லென்ஸ், ஒரு கணம், மூன்று சுருள்கள், மூன்று கணக்குகள். ஆயிரம் அடி நீளமுள்ள மூன்று சுருள்களைப் போட்டால் பதினோரு நிமிடம் எடுக்கலாம்.

கழுவி எடுத்தால் மூன்றும் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். டோரதியின் செருப்பு மட்டும் ஒன்றில் கரியதாகவும் மற்ற இரண்டில் வெளிறியும் இருக்கும். அந்தச் சிறு வேறுபாடுகளில்தான் நிறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் துணிந்தவை கார்ட்டூன்கள்

கேமரா தயாரானபோது ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் தயங்கின. இருவண்ணப் படங்களைப் பார்த்து மக்கள் சலித்திருந்தார்கள். பொருளாதார வீழ்ச்சியின் நடுவே கூடுதல் செலவு வேறு. துணிந்தவர் வால்ட் டிஸ்னி. ‘ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ என்ற குறும்படத்தைக் கறுப்பு வெள்ளையில் தொடங்கியிருந்தார். அதைக் கைவிட்டு வண்ணத்தில் மறுபடி எடுக்கச் செய்தார். 1932 ஜூலையில் வெளியான அந்தப் படம், கார்ட்டூன் குறும்படங்களுக்கென்று ஆஸ்கர் விருது ஏற்படுத்தப்பட்ட முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றது. கார்ட்டூன்களில் மூவண்ண முறையைச் சில ஆண்டுகள் தான் மட்டுமே பயன்படுத்தும் உரிமையும் டிஸ்னிக்குக் கிடைத்தது. போட்டிக்கு நின்ற ஃப்ளைஷர் சகோதரர்களும் அப் ஐவெர்க்ஸும் அந்தக் காலத்தில் இரண்டே நிறங்களோடு சமாளிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளின் கார்ட்டூன்களை அடுத்தடுத்துப் பார்த்தால், நீல வானம் யார் கையில் இருந்தது என்பது நன்றாகத் தெரியும்.

கார்ட்டூன் முதலில் வந்ததற்கு அறிவியல் காரணமும் உண்டு. நடிகர் நகர்வார், ஓவியம் நகராது. வரைந்த தாளைக் கேமராவின் கீழ் வைத்துவிட்டால், வேண்டிய நேரம் வரை அப்படியே இருக்கும். அதனால் மூன்று சுருள்கள்கூட வேண்டாம் என்று பின்னர் கண்டுகொண்டார்கள். ஒரே சுருள், ஒரே ஓவியம். சிவப்பு வடிகட்டி வழியாக ஒரு சட்டம், பச்சை வழியாக அடுத்தது, நீலம் வழியாக அதற்கடுத்தது. மேக்ஸ்வெல் 1861இல் செய்த அதே வேலையை ஒவ்வொரு ஓவியத்துக்கும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 1937 டிசம்பரில் முதல் காட்சி கண்ட ‘ஸ்னோ ஒயிட்’ 83 நிமிடப் படம். நொடிக்கு 24 என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 1,20,000 சட்டங்கள். ஒவ்வொன்றும் மூன்று முறை என்றால் ஏறத்தாழ 3,60,000 முறை அந்தக் கேமரா கண் திறந்து மூடியிருக்கிறது.

அந்த ஓவியங்களுக்கு நிறம் தந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். ஓவியர்கள் பென்சிலில் வரைந்ததை, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் மையால் நகலெடுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார்கள். கோட்டின் தடிமன் மயிரிழை பிசகினாலும் திரையில் முகம் நடுங்கும். வண்ணமும் எளிதில் வசப்படவில்லை. ஆரம்பத்தில் அது செல்லுலாய்டில் ஒட்டாமல் உலர்ந்து உதிர்ந்தது. விளக்குச் சூட்டில் வெளுத்தது. டிஸ்னி ஸ்டூடியோ தனக்கென ஒரு வண்ண ஆய்வுக்கூடம் வைத்து, நிறமிகளைத் தானே அரைத்துச் சேர்த்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே காட்சியில் மூன்று நான்கு செல்லுலாய்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஒவ்வொரு தாளுக்கும் மிக இலேசான மங்கல் உண்டு. அடியில் இருக்கும் பாத்திரத்தின் சட்டை, மேலே இருப்பதைவிடச் சற்று இருண்டு தெரியும். அதனால் ஒரே சட்டைக்கு, எந்த அடுக்கில் வருகிறது என்பதைப் பொறுத்து, சற்றே வேறுபட்ட சாயல்களில் வண்ணம் கலந்துவைத்தார்கள். குள்ளன் ஒருவன் அடுத்தவனின் பின்னால் போனாலும் அவன் உடையின் நிறம் மாறாமல் தெரிவது இப்படித்தான். இந்த வேலையைச் செய்த பெண்களின் பெயர்கள் படத்தின் தொடக்க எழுத்துகளில் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவர்களை நினைப்பது நம் கடமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சகம் போல ஓர் ஆய்வுக்கூடம்

மூன்று கறுப்பு வெள்ளைப் பதிவுகள் கிடைத்தாயிற்று. அவற்றிலிருந்து வண்ணப் பிரதி எப்படி வரும்?

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முருகன் படம் ஒரே அடியில் அச்சாவதில்லை. மயில்நீலம், மெஜந்தா, மஞ்சள் என்று ஒவ்வொரு மையும் தனித்தனித் தகட்டிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. தகடு சற்று விலகினால் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு வெளியே நிற்கும். டெக்னிகலர் செய்ததும் அச்சுதான். தாளுக்குப் பதில் ஃபிலிம், மைக்குப் பதில் சாயம்.

ஒவ்வொரு நெகட்டிவிலிருந்தும் ஜெலட்டின் பூசிய ஓர் அச்சுச் சுருளைத் தயாரித்தார்கள். படத்தின் இருண்ட இடங்களில் ஜெலட்டின் தடித்தும், வெளிச்சமான இடங்களில் மெலிந்தும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களாலான ஒரு சிற்பம் அது. சாயத்தில் நனைத்தால் தடித்த இடம் அதிகம் குடிக்கும், மெலிந்த இடம் குறைவாகக் குடிக்கும். பின் அதை வெற்று ஃபிலிமோடு சேர்த்து, ஊசிகள் பதித்த உலோகப் பட்டையின்மேல் அழுத்தினால் சாயம் இடம் மாறும். ஃபிலிமின் துளைகளில் ஊசிகள் நுழைந்து பிடித்துக்கொள்வதால் மூன்று சாயங்களும் பிசகாமல் ஒரே இடத்தில் விழும்.

எந்தப் பதிவுக்கு எந்தச் சாயம் என்பதில் ஓர் அழகான தர்க்கம் இருக்கிறது. மயில்நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கும்; எனவே அது சிவப்புப் பதிவுக்கு. மெஜந்தா பச்சையை விழுங்கும். அது பச்சைப் பதிவுக்கு. மஞ்சள் நீலத்தை விழுங்கும்; அது நீலப் பதிவுக்கு. டோரதியின் மாணிக்கச் செருப்பை எடுத்துக்கொள்வோம். அது சிவப்பு ஒளியை நிறையத் தந்தது. எனவே சிவப்புப் பதிவின் அச்சில் அந்த இடத்தில் ஜெலட்டின் மெல்லியது, மயில்நீலம் ஏறக்குறைய இல்லை. பச்சையையும் நீலத்தையும் அது தரவில்லை. அந்த அச்சுகளில் ஜெலட்டின் தடித்து, மெஜந்தாவும் மஞ்சளும் நிறைய ஏறின. வெள்ளை ஒளி அதன் வழியே போகும்போது பச்சையும் நீலமும் தடைபட்டு, சிவப்பு மட்டும் திரைக்குப் போனது.

1940களின் நடுப்பகுதிவரை இந்த மூன்று சாயங்களுக்கு அடியில் மங்கலான சாம்பல் படம் ஒன்றையும் முதலில் பதித்தார்கள். விளிம்புகளுக்கு அது அழுத்தம் தந்தது. நாட்காட்டியில் நான்காவதாகக் கறுப்பு மை செய்யும் வேலையும் அதுவே.

வெளிச்சத்தின் விலை

ஒரு லென்ஸ் வழியே வந்த ஒளியை மூன்றாகப் பங்கு போட்டால், ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்சம். வடிகட்டிகள் தின்றது போக மிஞ்சுவது இன்னும் கொஞ்சம். அதனால் டெக்னிகலர் படப்பிடிப்புக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. கார்பன் ஆர்க் விளக்குகள் வரிசையாக நின்றன. ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ அரங்கில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சிங்கத் தோல் போர்த்திய பெர்ட் லாரும் வைக்கோல் மனிதனாக வந்த ரே போல்ஜரும் அந்தச் சூட்டில்தான் ஆடினார்கள்.

நிறத்துக்காக உடல்களும் விலை கொடுத்தன. தகர மனிதனாக முதலில் நடித்த பட்டி எப்சன், முகத்தில் பூசிய அலுமினியப் பொடியை மூச்சோடு இழுத்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. அவருக்குப் பதில் வந்த ஜாக் ஹேலிக்கு அதைக் குழம்பாக்கிப் பூசினார்கள். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனின் பச்சைப் பூச்சில் தாமிரம் இருந்தது. ஒரு தீக் காட்சியில் அவருக்கு முகத்திலும் கையிலும் காயம் பட்டபோது அந்தப் பூச்சை உடனே துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பச்சை முகம் நம்மை இன்றும் மிரட்டுகிறதென்றால், அதில் அவருடைய வலியும் கலந்திருக்கிறது.

கேமராக்களை டெக்னிகலர் விற்கவில்லை. தன் ஆட்களோடு சேர்த்து வாடகைக்குத்தான் தந்தது. நிறுவனர் கால்மஸின் முன்னாள் மனைவி நாட்டலி கால்மஸ் வண்ண ஆலோசகராக அக்காலத்தின் பெரும்பாலான டெக்னிகலர் படங்களில் இடம்பெற்றார். சுவர் எந்த நிறம், திரைச்சீலை எந்த நிறம், நாயகியின் உடை எதோடு மோதும் என்று அவர் சொன்னார். ‘கான் வித் த விண்ட்’ படத்தின் அட்லாண்டா தீ விபத்தை 1938 டிசம்பரில் எடுத்தபோது அப்போது இருந்த ஏழு கேமராக்களையும் ஒரே இரவில் களத்தில் இறக்கினார்கள்.

கதையைக்கூட நிறம் திருத்தியது. ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய நாவலில் டோரதியின் செருப்பு வெள்ளி நிறம். மஞ்சள் செங்கல் பாதையின்மேல் வெள்ளி எடுபடாது, சிவப்பு எரியும். அதனால் மாணிக்கச் செருப்பு பிறந்தது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு ஜோடியை ஆய்ந்தபோது, அதன் மினுக்குகளின் உள்ளீடு ஜெலட்டின் என்றும் மேற்பூச்சு செல்லுலோஸ் நைட்ரேட் என்றும் தெரிந்தது. அக்கால ஃபிலிம் சுருளும் அதே இரண்டு பொருள்களால் ஆனதுதான்.

இளஞ்சிவப்பாக மாறிய படங்கள்

1950இல் கோடக் ஈஸ்ட்மென் கலரைக் கொண்டுவந்தது. நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் பல ஆண்டுகள் பெருமையோடு அச்சான பெயர். மூன்று சுருள்களின் வேலையை ஒரே சுருளில் மூன்று அடுக்குகள் செய்தன. கனமான கேமரா வேண்டாம், பட்டகம் வேண்டாம், எரிக்கும் வெளிச்சம் வேண்டாம். 1955இல் வந்த ‘ஃபாக்ஸ்ஃபயர்’ படத்தோடு ஹாலிவுட் மூன்று சுருள் கேமராவுக்கு விடை கொடுத்தது. சாய அச்சு முறை மட்டும் இன்னும் இருபது ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் அந்த முறையில் பிரதி எடுத்த கடைசிப் பெரிய படங்களில் 1974இன் ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகமும் ஒன்று.

புதிய முறை எளிது, மலிவு. ஆனால் அதில் ஒரு பலவீனம் ஒளிந்திருந்தது. ஈஸ்ட்மென் கலரில் சாயம் வெளியிலிருந்து வருவதில்லை. ஃபிலிமைக் கழுவும்போது வேதிவினையால் அடுக்குகளுக்குள்ளேயே உருவாகிறது. அப்படி உருவாகும் மூலக்கூறுகள் அன்று உறுதியானவையாக இல்லை. இருட்டில் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சிதைந்தன. முதலில் மயில்நீலம் போகும். சிவப்பைத் தடுக்க ஆள் இல்லாமல் படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். 1950களிலும் 60களிலும் எடுத்த எத்தனையோ படங்களின் பிரதிகள் இப்படி வெளிறிப்போயின. தமிழ்ப் படங்களும் இதற்குத் தப்பவில்லை. 1980இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி இதற்காகக் குரல் எழுப்பித் திரையுலகைத் திரட்டினார். நிலையான சாயம் கொண்ட ஃபிலிம் வந்ததில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு.

இத்தனைக்கும் நடுவே 1930களின் டெக்னிகலர் நெகட்டிவ்கள் நிறம் மங்காமல் இருந்தன. மங்குவதற்கு அவற்றில் சாயம் இல்லையே! இருந்தது வெள்ளி. நிறத்தை நிறமாகச் சேமித்தவர்கள் அதை இழந்தார்கள். அளவாகச் சேமித்தவர்களிடம் அது பத்திரமாக இருந்தது.

அதற்கும் எதிரிகள் உண்டு. அந்தக் காலச் சுருளின் அடித்தளமான செல்லுலோஸ் நைட்ரேட் எளிதில் தீப்பற்றும். எரியத் தொடங்கினால் தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும் என்பதால் நீருக்கடியிலும் அணையாது. வயதானால் சுருங்கும். மூன்று தனிச் சுருள்கள் மூன்று விதமாகச் சுருங்கினால் படங்கள் பொருந்தாது. விளிம்புகளில் வண்ண நிழல் தட்டும். 2000களில் வார்னர் நிறுவனம் மூன்று சுருள்களையும் தனித்தனியாகக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சட்டத்தையும் மற்ற இரண்டோடு நுணுக்கமாகப் பொருத்தும் முறையை உருவாக்கியது. ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ இன்று, அது வெளியான காலத்துப் பிரதிகளைவிடக் கூர்மையாகத் தெரிவது அதனால்தான்.

‘ஸ்னோ ஒயிட்’ போன்ற கார்ட்டூன்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகள் மூன்றும் ஒரே சுருளில் பக்கத்துப் பக்கத்துச் சட்டங்களாக இருப்பதால், சுருங்கினாலும் மூன்றும் சேர்ந்தே சுருங்கும். 1993இல் அந்தப் படம் முழுவதையும் கணினியில் ஏற்றித் தூசியையும் கீறலையும் நீக்கி, மறுபடி ஃபிலிமில் எழுதினார்கள். ஒரு முழுநீளப் படம் அப்படி மீட்கப்பட்டது அதுவே முதல்முறை.

பார்க்கும் முறை

இந்தப் படங்களைப் பார்க்க உட்காரும்போது சில காரியங்கள் செய்யலாம். தொலைக்காட்சியில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பையும், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். 24 சட்டங்களுக்காகச் செதுக்கிய அசைவில் நடுவே செயற்கைச் சட்டங்களைச் செருகினால் கார்ட்டூனின் தாளம் கெட்டுவிடும். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அப்படியே விடுங்கள். படத்தின் உண்மையான வடிவம் ஏறக்குறையச் சதுரம். மீட்கப்பட்ட பதிப்பு கிடைத்தால் அதையே பாருங்கள்.

பிறகு சிவப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். எதிரே எந்த நிறம் அடக்கி வாசிக்கிறது என்று பாருங்கள். ‘ராபின் ஹுட்’ படத்தில் எரால் ஃபிளின்னின் பச்சை உடைக்குப் பின்னால் காடு எப்படி விலகி நிற்கிறது, ‘ஸ்னோ ஒயிட்’ காட்டில் பழுப்பும் சாம்பலும் எவ்வளவு, ஆப்பிள் வரும் வரை சிவப்பு எப்படிக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். ஒரு நிறத்துக்காக மூன்று சுருள்களும் நூறு விளக்குகளும் தேவைப்பட்ட காலத்தில் யாரும் நிறத்தை அலட்சியமாக வைக்கவில்லை.

திரைப்படக் காப்பகங்கள் இன்றும் முக்கியமான வண்ணப் படங்களை மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களாகப் பிரித்துப் பாதுகாக்கின்றன. கணினிக் கோப்பைத் திறக்க அதற்குரிய மென்பொருளும் இயந்திரமும் வேண்டும். அவை சில ஆண்டுகளில் மாறிவிடும். வெள்ளியில் பதிந்த மூன்று நேர்ப்படங்களைத் திறக்க மூன்று விளக்குகளும் மூன்று வண்ணக் கண்ணாடிகளும் போதும். இருநூறு ஆண்டுகள் கழித்து வருபவர்களிடம் நம் கருவிகள் எதுவும் இருக்காது. ஒளி இருக்கும், மனிதக் கண்ணும் இருக்கும். ஒரு கலையை அந்த இரண்டை மட்டும் நம்பிப் பாதுகாக்க முடியும் என்பதுதான் டெக்னிகலர் நமக்கு விட்டுச்சென்ற மிகப் பெரிய அறிவு.